ஏடிஎச்டி: முதல் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால்?

கவனச்சிதறலும் துறுதுறுப்பும் மிகுந்த ஏடிஎச்டி பாதிப்புள்ள பதின்ம வயதினருக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது மெத்தில்ஃபெனிடேட். சாதாரண ரிட்டலின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரமும், மருந்தைச் சிறுகச் சிறுக வெளியிடும் கான்செர்ட்டா சுமார் 12 மணி நேரமும் வேலை செய்யும்.

பசி குறையலாம், தூக்கம் கெடலாம், தலைவலியோ எரிச்சலோ வரலாம். அதனால் மருந்தே ஆகாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிள்ளை எப்போது சாப்பிட்டது, எப்போது தூங்கியது, எடை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அளவையோ நேரத்தையோ மருந்தையோ அவர் மாற்றிப் பார்ப்பார். ஊக்கி வகையைச் சேராத அட்டோமாக்செட்டினும் உண்டு; அதன் பலன் தெரியச் சில வாரங்களாகும்.

நெஞ்சுவலி, மயக்கம், தற்கொலை எண்ணம் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பினாங்கு வாசிகள் அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேட்டு, ஜார்ஜ்டவுன் பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம்.