84க்கு 21



2021 செப்டம்பர் 3, காலை. கொரோனாவுக்குப் பிறகு பெரிய வகுப்புகளுக்குப் பள்ளி திறந்து மூன்றாம் நாள். நான் ஓய்வு பெற்றவன்தான்; ஆனாலும் சீருடைப் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையில் கடையநல்லூர் மெயின் ரோட்டில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பேச்செல்லாம் மாரியப்பன் தங்கவேலு பற்றித்தான். ஆகஸ்ட் 31 அன்று டோக்கியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வாங்கியிருந்தார்.

அதே பேப்பரின் மூலையில் ஒரு சிறு செய்தி: டேக்வாண்டோ காலிறுதியில் அருணா தன்வர் தோல்வி, 84க்கு 21. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இதுக்கு எதுக்கு சார் அவ்வளவு தூரம் போகணும்?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அருணா 2000ஆம் ஆண்டு பிறந்தவர். ஊர், அரியானாவில் பிவானி பக்கம் தினோத் என்ற கிராமம். குத்துச்சண்டைக்குப் பேர்போன வட்டாரம். அப்பா டிரைவர். விரல்கள் முழுமையாக இல்லாத சிறிய கைகளோடு பிறந்தவர் அருணா. டேக்வாண்டோ, கொரியாவில் வளர்ந்த காலாட்டம். அதில் முதலில் அவர் மோதியது எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளோடு. மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அந்தப் பிரிவில் 2018 ஆசியப் போட்டியில் வெள்ளி, 2019 உலகப் போட்டியில் வெண்கலம்.

ஒரு வரலாற்றுக் கணக்கும் சொல்ல வேண்டும். 2000 சிட்னியிலிருந்து டேக்வாண்டோ ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டு. நம் நாட்டிலிருந்து ஒருவர்கூட அதில் களமிறங்கியதில்லை. பாராலிம்பிக்கில் அது சேர்ந்ததே டோக்கியோவில்தான். அங்கே வைல்ட் கார்டு அழைப்பில் போய் நின்றவர் அருணா. இரண்டு மேடையையும் சேர்த்து, இந்தியாவின் முதல் டேக்வாண்டோ வீரர் இந்தப் பெண்தான்.

முதல் சுற்றில் செர்பியாவின் டானியேலா யோவனோவிச்சை 29க்கு 9 என்று வென்றார். பேப்பர் அதைப் பெரிதாகப் போடவில்லை. காலிறுதியில் எதிரே நின்றவர் பெருவின் லியோனோர் எஸ்பினோசா. பாரா பிரிவில் தலையில் உதைக்கக் கூடாது, கைக்குத்துக்கும் புள்ளி இல்லை. உடம்பில் விழும் உதைக்கு மட்டுமே இரண்டு, மூன்று, நான்கு என்று புள்ளி. எஸ்பினோசாவின் கால் நிற்கவே இல்லை. அன்று தங்கம் அவருக்கே. 2024 பாரிசிலும் தங்கம் அவருக்கே. அப்படிப்பட்டவரிடம் அருணா எடுத்தது 21. அடுத்து வெண்கலத்துக்கு ஒரு வழி திறந்திருந்தது. காயத்தால் விலக வேண்டியதாயிற்று.

அத்தோடு அவர் நிற்கவில்லை. 2023இல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் வெண்கலம். 2024 பாரிசில் துருக்கியின் நூர்ஜிஹான் எகின்ஜியிடம் 19க்கு 0 என்று முதல் ஆட்டத்திலேயே தோல்வி. தோற்பதற்கும் முதலில் அங்கே போய் நிற்க வேண்டுமே!

அன்று டீக்கடையில் நான் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பிள்ளை. இடது கை சூம்பியது; எப்போதும் தாவணிக்குள் மறைத்தே வைத்திருப்பாள். விளையாட்டு விழாவுக்கு ஓட்டப் பந்தயப் பெயர் எழுதும்போது, "சார், நானும் ஓடட்டுமா?" என்று கேட்டாள். கீழே விழுந்தால் ஊன்ற முடியாதே என்று பயந்தேன். "நீ புள்ளிக் கணக்கு எழும்மா, கையெழுத்து நல்லா இருக்கு" என்று நோட்டைக் கொடுத்துவிட்டேன். இரக்கம் என்றுதான் அன்று நினைத்தேன். அவளும் தலையாட்டிவிட்டு, நாள் முழுக்க மற்றவர்கள் ஓடியதை எழுதினாள்.

அவள் காலில் ஒரு குறையும் இல்லை. கையைப் பார்த்து நான் காலை நிறுத்திவிட்டேன்.

தினோத்தில் அருணாவின் கையில் யாரும் நோட்டைக் கொடுத்து உட்கார வைக்கவில்லை. அவருக்கும் என் மாணவிக்கும் இடையில் நான் காண்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, அடுத்த விளையாட்டு விழாவுக்குப் பெயர் எழுதும்போது ஓரமாக நிற்கும் பிள்ளையிடம் நீங்களே போய்க் கேளுங்கள். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, ஓடட்டும்.