நடுவிலிருந்து தொடங்கிய வரலாறு

கருவுறுவதற்கு முன், கருவுற்றிருக்கையில், மகப்பேற்றுக்குப் பின் என்று நீரிழிவைக் கவனிக்க வேண்டிய பருவங்களை மருத்துவர்கள் இன்று வரிசையாகச் சொல்லுகிறார்கள். வரலாறு இந்த வரிசையில் நடக்கவில்லை. நடுப்பருவத்தைத்தான் மருத்துவம் முதலில் கற்றது, அடுத்துக் கடைசியை, எல்லாவற்றுக்கும் பிறகே முதலாவதை.

1882இல் லண்டன் மருத்துவர் மேத்யூஸ் டங்கன், நீரிழிவுள்ள தாய்மாரின் பேறுகளைத் திரட்டி எழுதியபோது அவருக்குக் கிடைத்தவை 22 மட்டுமே. இளவயதில் இந்நோய் கண்ட பெண்களில் பலர் தாயாகும் வயதுவரை வாழ்ந்ததில்லை என்பதை நினைத்தால் அந்தச் சிறிய எண்ணிக்கை விளங்கும்.

1921இல் டொராண்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. பிழைக்கமாட்டார்கள் என்று கைவிடப்பட்ட சிறுமிகள் வளர்ந்தார்கள், மணந்தார்கள், கருவுற்றார்கள். தாய் பிழைத்தாள், சிசுவோ கடைசி வாரங்களில் வயிற்றுக்குள்ளேயே இறந்தது. பாஸ்டனில் ஜோஸ்லினின் மருத்துவமனையில் 1924இல் சேர்ந்த பிரிஸில்லா ஒயிட் இந்தத் துயரைத் தம் வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். அடிக்கடி பரிசோதனை, அளந்த உணவு, மாறிக்கொண்டே இருக்கும் இன்சுலின் அளவு, நாள் நிறையும் முன்பே பேறு என்று அவர் வகுத்த முறை பல குழந்தைகளைக் காப்பாற்றியது. நோய் தொடங்கிய வயது, நீடித்த காலம், ரத்தக் குழாய்களின் நிலை ஆகியவற்றைக் கொண்டு 1949இல் அவர் வெளியிட்ட வகைப்பாடு பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்தது.

ஆனால் அதே ஒயிட், ஸ்டில்பெஸ்ட்ரால் உள்ளிட்ட ஹார்மோன்களையும் உறுதியாகப் பரிந்துரைத்தார். பிரிட்டனில் 1955இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வு அதில் பயன் காணவில்லை. கருவில் அம்மருந்துக்கு ஆளான பெண்களுக்கு அரிய புற்றுநோய் வருவது 1971இல் தெரியவந்தது. காப்பாற்றத் துடிக்கும் கைக்கும் சான்று வேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

இதற்கிடையே கோபன்ஹேகனில் யோர்கன் பீடர்சன் குழந்தையின் பக்கத்தை விளக்கினார். தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடக்கிறது, இன்சுலின் கடப்பதில்லை. ஆகவே சிசுவின் கணையம் மிகுதியாகச் சுரக்கிறது, சிசு அளவுக்கு மீறிப் பருக்கிறது. தொப்புள்கொடி அறுபட்டதும் அதன் ரத்தச் சர்க்கரை சரிகிறது.

1964இல் ஓ'சல்லிவனும் மேகனும் பாஸ்டனில் 752 பெண்களின் பரிசோதனைகளைக் கொண்டு கர்ப்பகால நீரிழிவுக்கான எல்லைகளை வகுத்தார்கள். அவை சிசுவின் நலனைக் கொண்டு வகுக்கப்பட்டவை அல்ல. எந்தத் தாய்க்குப் பின்னாளில் நீரிழிவு வரும் என்பதைக் கொண்டு வகுக்கப்பட்டவை. பேற்றோடு சர்க்கரை இறங்கிவிட்டாலும் கதை முடிவதில்லை என்று மருத்துவம் அறிந்தது இப்படித்தான்.

முதற்பருவத்தின் முறை கடைசியில் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்பர்க்கிலிருந்து 1983இல் வெளியான ஆய்வில், கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையைக் கட்டுப்படுத்திய தாய்மாரின் குழந்தைகளில் பிறவிக் குறைபாடு 0.8 விழுக்காடு, கருவுற்ற பின்னரே கண்டிப்பான கட்டுப்பாட்டுக்கு வந்தவர்களிடம் 7.5 விழுக்காடு. இதயமும் முதுகுத்தண்டும் முதல் எட்டு வாரங்களுக்குள் உருவாகத் தொடங்கிவிடுகின்றன. நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்துகொண்டு ஒரு பெண் மருத்துவரிடம் போகும்போது அந்த வாரங்களில் பெரும்பகுதி கழிந்திருக்கும்.

மருத்துவம் தன் வரிசையைத் திருத்திக்கொண்டது. நம் வீடுகள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. திருமணப் பேச்சில் நீரிழிவை மறைக்கச் சொல்லும் குடும்பம், அந்தப் பெண்ணிடமிருந்து பறிப்பது இந்த முதற்பருவத்தைத்தான்.