மூல ஓலையும் பதிவேடும்

சேக்கிழார் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை நாம் பக்திச் சுவைக்காகவே மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றோம். அதனை ஒரு வழக்கு நடவடிக்கையாகவும் படிக்கலாம். மணப்பந்தலில் நுழைந்த முதியவர் ஓர் ஓலையைக் காட்டி, நம்பியாரூரர் தமக்கு அடிமை என்கிறார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்லுகிறது. கிழிந்தது படியோலையே, மூல ஓலை தம்மிடம் உளது என்கிறார் முதியவர். அவையோர் அதனைக் கரணத்தானைக் கொண்டு வாசிப்பிக்கின்றனர். சான்றொப்பமிட்டோர் எழுத்தை ஆராய்கின்றனர். பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து இரண்டையும் ஒப்புநோக்குகின்றனர். அதன் பின்னரே தீர்ப்பு.

அவ்வவை முதியவரிடம் கேட்ட சான்றுகள் மூன்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அதாவது அனுபவித்து வருதல், எழுத்துச் சான்று, அக்கம்பக்கத்தார் சாட்சி. ஆள் அடிமை வழக்கில் கேட்ட இம்மூன்றுமே தமிழர் நிலவழக்கிற்கும் அடிப்படையாயின. மலேசியாவில் வீடு வாங்கவும் விற்கவும் முற்படும் நம்மவர் பலர் இன்றும் இம்மூன்றையே நம்பியிருக்கின்றனர். இந்நாட்டு நிலச்சட்டமோ இவற்றுள் எதனையும் உரிமையின் மூலமாகக் கொள்ளாது நான்காவது ஒன்றையே நோக்குகிறது. அந்த வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சோழர் காலத்து நிலவிலை ஆவணங்கள் கோயிற் சுவர்களில் ஏராளமாக உள்ளன. அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. விற்பவர், வாங்குபவர் பெயர், கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என நான்கெல்லை, அவற்றுள் அடங்கிய மரமும் கிணறும் உள்ளிட்ட யாவும், விலை, இறுதியில் கையெழுத்துகள். விலை பேசி ஆவணம் எழுதும் மன்றத்திற்கு ஆவணக்களரி என்று பெயர். இவ்வாவணங்களில் ‘பொருள்மாவறுதிப் பொருட்செலவோலை’ என்றொரு தொடர் வரும். மாணாக்கர் நாக்குழறும் இத்தொடரின் கருத்து எளிது. இந்த ஓலையே விலையோலை. விலைப்பொருள் முழுதும் செலுத்தப்பட்டதற்கு இதுவே பற்றுச்சீட்டு. வேறு சீட்டுக் காட்டுமாறு வாங்கியவனைப் பிற்காலத்தில் எவரும் கேட்கலாகாது. ஆக, ஓலை எவன் கையிலோ நிலம் அவனுடையது. பனையோலை செல்லரிக்கும் என்பதை அறிந்தவர்கள் கல்லிலும் வெட்டி வைத்தனர்.

அயலார் காட்சிக்கு யாழ்ப்பாணத் தமிழர் வழக்கில் சிறந்த சான்றுண்டு. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கட்டளைப்படி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அலுவலர் அந்நாட்டு வழமைகளைத் தொகுத்து 1707-இல் முடித்தார். தமிழில் பெயர்த்துப் பன்னிரு முதலியார்கள் பார்வையிட்ட அத்தொகுப்பே தேசவழமை. காணி விற்க விரும்புவோன் தன் உரிமையினர்க்கும், பங்காளிகட்கும், அந்நிலத்தை ஒற்றியாகப் பிடித்திருக்கும் அயற்காணிக்காரர்க்கும் முதலில் அறிவித்தல் வேண்டும். வாங்குவதில் முந்துரிமை அவர்களுக்கே. ஒல்லாந்தர் காலத்தில் அவ்வறிவிப்பு அவ்வூருக்குரிய கோயிலில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யப்பட்டது. ஊரறியாத விற்பனை அங்கு விற்பனையாகாது. (அக்காலத்தில் திருமுழுக்கையும் திருமணத்தையும் பள்ளித் தோம்பில் எழுதி வந்தவர் ஊர்ப் பள்ளி ஆசிரியரே. பதிவேடு எழுதும் சுமை நம் தொழிலுக்குப் புதிதன்று!)

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்குப் பதிவுச் சட்டம் வந்தது. 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலவிற்பனையைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்றன. ஆயினும் அங்குப் பதிவாவது பத்திரமேயன்றி உரிமையன்று. விற்றவனுக்கு உண்மையில் உரிமை இருந்ததா என்பதற்குப் பதிவாளர் பொறுப்பேற்பதில்லை. ஆகையால் தாய்ப்பத்திரம் தேடுவதும் வில்லங்கச் சான்று பெறுவதும் தமிழகத்தில் இன்றும் வாங்குவோன் தலைமேல் விழுந்த கடமைகள். திருவெண்ணெய்நல்லூரில் மூல ஓலை தேடிய வழியும் இதுவே.

மலாய் மாநிலங்களில் நடந்தது வேறு. அயர்லாந்தில் பிறந்து தென் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ராபர்ட் டாரன்சு என்பவர் அடிலெய்டில் சுங்க அதிகாரியாக இருந்தவர். கப்பல் கைம்மாறும்போது பழைய பத்திரங்களையெல்லாம் ஒருவரும் தேடுவதில்லை. பதிவேட்டில் பெயரை மாற்றி எழுதினால் போதும். நிலத்திற்கும் அதனையே செய்தாலென்ன என்று அவர் எண்ணினார். 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் சட்டமாயிற்று. இம்முறையை மலாயாவிற்குக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் வில்லியம் மாக்சுவெல். அவர் ஆஸ்திரேலியாவுக்கே சென்று நேரில் பயின்று வந்தவர். சிலாங்கூரில் 1891-இல் இதற்கான சட்டம் வந்தது. சொகூரில் 1910-ஆம் ஆண்டு நிலச்சட்டம் வந்தது. பினாங்கும் மலாக்காவும் நெடுங்காலம் ஆங்கிலப் பத்திர முறையிலேயே இருந்தன. 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச்சட்டத் தொகுப்பும் அதனையொட்டிய சட்டமும் அவற்றையும் இவ்வழிக்குத் திருப்பின.

இம்முறையில் உரிமை பத்திரத்தினின்றும் பிறப்பதில்லை, பதிவினின்றே பிறக்கிறது. விற்பனை ஒப்பந்தம், பணம் கட்டிய சீட்டு, முத்திரை வரி செலுத்திய தாள் எல்லாம் வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் இடையேயான கடப்பாடுகள் மட்டுமே. 14ஏ என்னும் மாற்றுப் படிவம் நில அலுவலகத்திற் பதிவாகும் வரை வீடு விற்றவன் பெயரிலேயே நிற்கிறது. ‘முழுப் பணமும் கொடுத்துவிட்டேன், வீடு என்னுடையதுதானே?’ என்று என்னிடம் தாள்களைக் கொண்டுவந்து கேட்டவர்கள் பலர். ஒப்பந்தத்தை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தில் கேட்கும் உரிமை அவர்க்கு உண்டு. ஆனால் அதற்குள் வீடு வேறொருவர் பெயரில் பதிவாகிவிட்டால் வழக்கு கடினமாகும். ஆதலின்றோ வழக்கறிஞர்கள் ஒப்பந்தம் கையெழுத்தானதும் ‘காவியட்’ எனப்படும் தடைக்குறிப்பைப் பதிவேட்டில் ஏற்றுகின்றனர். தனியார் தடைக்குறிப்பு ஆறாண்டு செல்லும்.

ஆட்சியின் நிலைமை இன்னும் கடுமையானது. இந்தியாவில் பிறர் நிலத்தை எதிருரிமையாகப் பன்னிரண்டு ஆண்டும், இலங்கையில் பத்தாண்டும் அனுபவித்தவன் உரிமை கோரலாம். மலேசியத் தொகுப்பின் 341-ஆம் பிரிவோ எத்தனை காலம் அனுபவித்தாலும் பதிவுடையவனின் உரிமை அழியாது என்கிறது. இப்பிரிவின் பொருளைத் தோட்டத்து மக்கள் ஏட்டிற் படித்து அறியவில்லை. 1950-களில் வெள்ளையர் கும்பினிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியோர் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். உங்கு அசீசு இத்துண்டாடலை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1962-இல் வெளிவந்தது. தாத்தா காலந்தொட்டு இலயத்தில் வாழ்ந்தவர்கள் பக்கம் ஆட்சி இருந்தது. ஊரே சாட்சி சொல்லும். பதிவேட்டில் மட்டும் பெயர் இல்லை. 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் பங்குப் பணத்தைத் திரட்டிக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கியதன் சிறப்பு இங்கேதான் விளங்கும். அது பதிவேட்டில் தொழிலாளர் சார்பாக ஒரு பெயரை எழுதுவித்தது. பின்னர், தோட்டத்தை விற்கத் தனி வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்ற பிரிவும் தொகுப்பிற் சேர்ந்தது. துண்டாடல் தீவிரமாயிருந்த காலத்தில் அப்பிரிவு இல்லாமற் போனது நம்மவர்க்குப் பேரிழப்பே.

பதிவேடே எல்லாம் என்றால், பதிவேட்டிற் பொய் புகுந்தால் யாது செய்வது? பினாங்குத் தஞ்சோங் புங்காவில் உரிமையாளர் போல் நடித்த ஒருவர் கையெழுத்திட்டு நிலத்தை ஒரு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். அடோர்னா வழக்கு எனப்படும் அதில், நல்லெண்ணத்துடன் விலை கொடுத்து வாங்கிய நிறுவனத்தின் பதிவு செல்லும் என்று 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்தது. உண்மை உரிமையாளர் நிலமிழந்தார். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கையெழுத்தை ஒப்புநோக்கியதை இங்கு நினைத்துக் கொள்க! ஒன்பது ஆண்டுகள் நாட்டில் நிலமுடையோர் அனைவரையும் அச்சுறுத்திய அத்தீர்ப்பு தவறு என்று 2010 சனவரி 21-இல் அதே நீதிமன்றம் மற்றொரு வழக்கில் அறிவித்தது. பொய்யாவணத்தால் நேரே பெற்றவன் பதிவு இன்று அசைக்கத்தக்கது. அவனிடமிருந்து நல்லெண்ணத்தோடு வாங்கிய அடுத்தவனுக்கே காப்புண்டு.

கடன் பற்றியும் ஒரு சொல். நம் பழைய ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவன் கைக்குப் போகும்; விளைச்சலை அவன் உண்பான். ஆங்கில அடைமானத்தில் உரிமையே அவன் பெயருக்கு மாறும். மலேசிய முறையில் இரண்டுமில்லை. வீடு உடையவன் பெயரிலேயே நிற்க, பதிவேட்டில் வங்கியின் பற்று எழுதப்படுகிறது. வேறு வங்கிக்குக் கடனை மாற்றும்போது, முன்னதை நீக்கும் பதிவும் புதியதை ஏற்றும் பதிவும் ஆக இரண்டு வேலைகள் நிகழும். கடன் முழுதும் அடைத்தவர் பலர் நீக்கப் பதிவைச் செய்யாது விட்டுவிடுகின்றனர். வங்கி கணக்கை முடித்துவிட்டாலும் பதிவேடு தானாக மாறாது. வீட்டுமனைக்குத் தனிக் ‘கிராண்டு’ இன்னும் வராத குடியிருப்புகளில் இம்முறைக்கு இடமில்லை. அங்கு ஒப்பந்த உரிமையை வங்கிக்கு எழுதிக் கொடுப்பதே வழி.

பாலோ, குளுவாங் மாவட்டத்து முக்கிம்களுள் ஒன்று. இங்குள்ள நான்கு எக்டேருக்கு மேற்படாத நாட்டுப்புற நிலத்தின் உரிமைப்பதிவு குளுவாங் நில அலுவலகத்தில் இருக்கிறது. வாங்குமுன் கட்டணம் செலுத்தி அதிகாரமுறைத் தேடல் செய்தால், உரிமையாளர் யார், வங்கிப் பற்று உண்டா, தடைக்குறிப்பு உண்டா, மாநில அரசின் இசைவின்றி விற்கலாகாது என்ற கட்டுப்பாடு உண்டா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பவை தெரியவரும். பெரும்பாலும் தெரியவருவது மற்றொன்று: தந்தையார் மறைந்து இருபது ஆண்டுகளாகியும் நிலம் அவர் பெயரிலேயே இருத்தல். இறுதி முறி இல்லாத சிறு சொத்துகளை, 1955-ஆம் ஆண்டுச் சிறுசொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில நிருவாகியே விசாரித்துப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றுவார். அதற்கு இறப்புச் சான்றும் பிள்ளைகள் அனைவரின் பிறப்புச் சான்றுகளும் வேண்டும்; அவற்றில் தந்தை பெயர் ஒரே எழுத்தில் இருத்தலும் வேண்டும். பழைய தோட்டத்து எழுத்தர்கள் ஒருவர் பெயரையே மூன்று விதமாக ரோமன் எழுத்தில் எழுதி வைத்திருப்பதால், அங்குச் செல்லுமுன் அதனைச் சரிபார்ப்பது நலம்.