குடிப்பதா, கரண்டியால் சாப்பிடுவதா? இத்தாலியக் கெட்டிச் சாக்லேட்டின் கதை



மழையும் பனியும் மாறி மாறி வரும் இந்த மாதங்களில், மாலை ஆனால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சூடாகக் கேட்கிறார்கள். பெரியவர்களுக்குச் சுக்குக் காபி, சிலருக்கு மசாலா டீ, பிள்ளைகளுக்கு ஹாட் சாக்லேட். ஹாட் சாக்லேட் என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் சூடான பாலில் இரண்டு கரண்டி தூள் கலந்த இனிப்புப் பால்தான். இத்தாலியின் வடக்கே உள்ள டூரின் நகரத்தில் இதையே கேட்டால் வேறொன்று வரும். சின்னக் கோப்பை, கூடவே ஒரு கரண்டி. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சூடான கேழ்வரகுக் கூழ் போல மெதுவாக வழியும். அவர்கள் அதை ‘சொக்கொலாத்தா கால்தா’ என்கிறார்கள். அதற்கும் ‘சூடான சாக்லேட்’ என்றுதான் பொருள்.

ஒரே பெயரில் இரண்டு பானங்கள் எப்படி வந்தன? அந்தக் கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் நானூறு ஆண்டுக் கதை இருக்கிறது. அது தெரிந்தால் வீட்டில் செய்யும்போது எந்தப் பொருள் எதற்கு என்று விளங்கும். கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கும்போதும் உதவும்.

அம்மியில் அரைத்த பானம்

சாக்லேட் முதலில் பானமாகத்தான் இருந்தது. கட்டியாகக் கடித்துத் தின்னும் பழக்கம் மிகப் பிற்காலத்தது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மாயா, அஸ்டெக் மக்கள் கோகோக் கொட்டைகளை வறுத்து, நம் அம்மியைப் போன்ற சாய்வான கல்லில் அரைத்து, தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். மிளகாய், வெனிலா, சில வேளை மக்காச்சோள மாவும் சேரும். நுரை வருவதற்காக ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றுவார்கள். டபரா டம்ளரில் காபி ஆற்றும் நமக்கு இது புதிதல்ல.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கோகோக் கொட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. முழுக் கொட்டையையும் அரைத்ததால் அந்தக் கொழுப்பு முழுவதும் பானத்துக்குள் போனது. அந்தக் காலத்துச் சாக்லேட் கனமாக இருந்ததற்கு முதல் காரணம் இதுதான்.

அந்தக் கல் அரைப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த சிசிலித் தீவில் மோதிக்கா என்ற ஊர் இருக்கிறது. அங்கே இன்றும் குறைந்த சூட்டில், சர்க்கரை கரையாமல் நறநறவென்று இருக்கும்படி சாக்லேட் செய்கிறார்கள். 2018-ல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தாலிக்கு வந்த வழி

டூரின்காரர்களிடம் கேட்டால் 1563-லேயே தங்கள் ஊரில் சாக்லேட் குடித்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். சவோய் நாட்டின் தலைநகர் டூரினுக்கு மாறியதை அதன் கோமகன் ஒரு கோப்பை சாக்லேட்டுடன் கொண்டாடினார் என்பது அந்தக் கதை. ஸ்தல புராணம் போல அதையும் ரசித்துக் கேட்கலாம். ஆனால் மெக்சிகோவின் வேராகுருஸ் துறைமுகத்திலிருந்து ஸ்பெயினுக்கு வணிகச் சரக்காகக் கோகோ வந்ததே 1585-ல்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள்.

நம்பிக்கையான சான்று ஃபிளாரன்ஸ் நகரத்திலிருந்து கிடைக்கிறது. பிரான்செஸ்கோ கார்லெட்டி என்ற வணிகர் 1594-ல் புறப்பட்டு உலகைச் சுற்றினார். மத்திய அமெரிக்கா, ஜப்பான், நம் கோவா எல்லாம் பார்த்துவிட்டு 1606-ல் ஊர் திரும்பினார். கோகோ எப்படி விளைகிறது, எப்படி அரைக்கிறார்கள், அதைக் குடித்துப் பழகியவர்கள் ஏன் விட முடியாமல் தவிக்கிறார்கள் என்பதையெல்லாம் டஸ்கனியின் ஆட்சியாளரான முதலாம் பெர்தினாந்தோவிடம் விவரித்தார்.

விரதத்துக்கு ஆகுமா?

பானம் வந்தவுடன் ஒரு வழக்கும் வந்தது. தவக்காலத்தில் சாக்லேட் குடித்தால் நோன்பு முறியுமா? ஏகாதசிக்குக் காபி குடிக்கலாமா, பால் பழம் ஆகுமா என்று நம் வீடுகளில் நடக்கும் விவாதம் போலத்தான். ஆனால் அங்கே இதற்குப் புத்தகமே எழுதினார்கள். கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரான்காச்சோ 1664-ல் ரோமில் வெளியிட்ட நூலில், தண்ணீரில் கலந்த சாக்லேட் ஒரு பானம், பானம் நோன்பை முறிக்காது என்று வாதிட்டார். எதிர்த்தவர்கள் சொன்னதும் நியாயமாகவே பட்டது. இத்தனை கொழுப்பும் சத்தும் உள்ளது எப்படி வெறும் பானமாகும்? குடிப்பதா, சாப்பிடுவதா என்ற சந்தேகம் இத்தாலியச் சாக்லேட்டின் கூடவே பிறந்தது. இன்று கோப்பையோடு கரண்டியும் வருவதைப் பார்த்தால், அந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

டூரினில் கொன்சொலாத்தா மாதா கோயிலுக்கு எதிரே 1763-ல் தொடங்கிய ஒரு சிறிய கடை இன்றும் நடக்கிறது. அங்கே காபி, கெட்டிச் சாக்லேட், பாலேடு மூன்றையும் அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குவளையில் தருகிறார்கள். பெயர் ‘பிச்செரின்’. அந்த வட்டார மொழியில் ‘சின்னக் குவளை’ என்று பொருள். கலக்காமல் குடிப்பதே முறை.

மல்லிகை வாசம் வீசிய அரண்மனை

இந்தக் கதையில் நமக்கு மிகவும் பிடிக்கக்கூடிய பகுதி இது. ஃபிளாரன்சில் மூன்றாம் கொசிமோவின் அரண்மனை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. இறைச்சியில் புழுக்கள் தாமாகத் தோன்றுவதில்லை, ஈக்கள் இடும் முட்டையிலிருந்தே வருகின்றன என்று 1668-ல் சோதனை செய்து காட்டியவர் இவரே. பள்ளி அறிவியல் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் இவர் பெயரைப் படித்திருக்கலாம்.

இவருடைய இன்னொரு புகழ் மல்லிகைச் சாக்லேட். வறுத்து உடைத்த கோகோவையும் புதிதாகப் பறித்த மல்லிகைப் பூக்களையும் ஒரு பெட்டியில் அடுக்கு அடுக்காகப் பரப்பி மூடிவைப்பார்கள். 24 மணி நேரம் கழித்து வாடிய பூவை நீக்கிப் புதுப் பூ. இப்படிப் பத்துப் பன்னிரண்டு முறை. பிறகுதான் சர்க்கரை, வெனிலா, பட்டை சேர்த்து அரைப்பது. சூடுபட்டால் மல்லிகையின் வாசம் போய்விடும் என்பதால் பூவை அரைக்கவோ கொதிக்கவைக்கவோ இல்லை. கோகோவின் கொழுப்பு வாசத்தைத் தானாக இழுத்துக்கொள்ள விட்டார்கள். எள்ளைப் பூவோடு சேர்த்து வைத்து வாசனை எண்ணெய் எடுத்த நம் பழைய முறைக்கும் அடிப்படை இதுவே. அரண்மனை இந்தச் செய்முறையை வெகுகாலம் வெளியே விடவில்லை. நம் மல்லிகையின் அடுக்கு வகை ஒன்றை உலக நர்சரிகள் இன்றும் ‘டஸ்கனியின் கிராண்ட் டியூக்’ என்ற பெயரில்தான் விற்கின்றன.

கோப்பைக்கு அந்தப் பக்கம்

அரண்மனைப் பெட்டியில் வாசம் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், வெனிசுவேலாவின் கோகோத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் வேலை செய்தார்கள். சர்க்கரையும் அப்படிப்பட்ட உழைப்பில் வந்ததே. இன்று உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே சிறு விவசாயிகளின் வறுமையும் குழந்தைத் தொழிலாளர் பிரச்சினையும் இன்னும் தீரவில்லை. பிள்ளைகளுக்குக் கோப்பையை நீட்டும்போது இதையும் ஒருநாள் சொல்லலாம்.

நம் பக்கத்திலும் கோகோ விளைகிறது. 1798-லேயே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் குற்றாலத்தில் கோகோ நட்டதாகப் பதிவுகள் உண்டு. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர். அந்தக் கோகோவில் செய்த டார்க் சாக்லேட் பார்களும் கடைகளில் கிடைக்கின்றன.

கொழுப்பு போனது, மாவு வந்தது

1828-ல் ஹாலந்து நாட்டின் வான் ஹூட்டன் குடும்பம் கோகோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. பாதிக்கு மேல் இருந்த கொழுப்பு கால் பங்கு அளவுக்கு இறங்கியது. மிஞ்சிய புண்ணாக்கைப் பொடித்தால் கோகோத் தூள். விலை மலிவு, எளிதில் கரையும், எல்லார் வீட்டுக்கும் போகும். நம் வீட்டுத் தூள் டப்பாவின் மூதாதை இதுதான். ஆனால் கொழுப்போடு கனமும் போய்விட்டது. பானம் தண்ணீராக ஓடியது.

இத்தாலியில் பழைய வழியும் நிலைத்தது. பெல்லெக்ரினோ அர்துசி 1891-ல் வெளியிட்ட சமையல் நூல் இன்றும் இத்தாலிய வீடுகளில் இருக்கிறது. அதில் அவர் தரும் கணக்கு: ஒரு கோப்பைக்கு 200 மி.லி. தண்ணீர், குறைந்தது 60 கிராம் சாக்லேட். லேசாக வேண்டுமானால் 50, நன்றாகக் கெட்டியாக வேண்டுமானால் 80. ஒரு கொதி வந்ததும் இறக்கி ஐந்து நிமிடம் கடைந்து, மறுபடி ஒரு கொதி விடச் சொல்கிறார். மாவு என்ற பேச்சே இல்லை. சாக்லேட்டே கெட்டி தருகிறது.

ஒரு கோப்பைக்கு 80 கிராம் என்றால் ஒரு பெரிய பார் முழுவதும் ஒருவருக்கே போய்விடும். அதனால் இன்று இத்தாலிய வீடுகளில் பாலும், சிறிது உருளைக்கிழங்கு மாவோ சோள மாவோ சேர்ப்பது வழக்கம். சாக்லேட் பாதியாகக் குறைந்தாலும் கெட்டி குறையாது. இதில் தவறில்லை. ஆனால் சாக்லேட்டை இன்னும் குறைத்து, மாவையும் சர்க்கரையையும் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது சாக்லேட் நிறமுள்ள கஞ்சி. எனவே பாக்கெட் வாங்கும்போது பொருள்களின் வரிசையைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் இருக்கும். முதலிடத்தில் சர்க்கரை இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது எதற்கு என்று தெரிந்துவிடும்.

நம் அடுப்பில்

இரண்டு சிறிய கோப்பைக்குத் தேவையானவை:

பால் 300 மி.லி.
டார்க் சாக்லேட் 80 கிராம், பொடியாக நறுக்கியது
கோகோத் தூள் 1 மேசைக்கரண்டி
சர்க்கரை 1 மேசைக்கரண்டி
கார்ன்ஃப்ளார் 2 தேக்கரண்டி
உப்பு ஒரு சிட்டிகை

சாக்லேட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பேக்கரிப் பொருள் கடைகளில் ‘காம்பவுண்ட்’ என்று விற்பதில் கோகோ கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். கேக் அலங்காரத்துக்கு அது போதும், இதற்கு வேண்டாம். லேபிளில் கோகோ பட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கோகோத் தூள், சர்க்கரை, கார்ன்ஃப்ளார், உப்பு நான்கையும் கலந்து, காய்ச்சி ஆறிய பால் நான்கைந்து கரண்டி விட்டுக் கட்டியில்லாமல் கரையுங்கள். கேழ்வரகு மாவைக் கரைப்பது போலத்தான். சூடான பாலில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். மீதிப் பாலைச் சிறு தீயில் சூடாக்கி, ஓரத்தில் ஆவி வந்ததும் கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். கொதி நெருங்கும்போது திடீரென்று கெட்டிப்படும். உடனே இறக்கிவிடாமல் இன்னும் ஒரு நிமிடம் கிளறினால் மாவின் பச்சை வாடை போய்விடும்.

அடுப்பை அணைத்த பிறகே நறுக்கிய சாக்லேட்டைச் சேருங்கள். அந்தச் சூடே உருக்கப் போதும்; அடுப்பின் மேலேயே வைத்தால் அடிப்பிடிக்கும். பிறகு விஸ்க்கோ மத்தோ வைத்து ஒரு நிமிடம் நன்றாகக் கடையுங்கள். கொழுப்பு பிரியாமல் பளபளவென்று வரும். கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு அப்படியே நிற்க வேண்டும். அதுதான் பதம்.

ஆறினால் இன்னும் இறுகும். மறுபடி சூடாக்கும்போது கொஞ்சம் பால் விட்டுக் கிளறுங்கள். கார்ன்ஃப்ளாருக்குப் பதில் ஆரோரூட் மாவு போட வேண்டாம்; பாலோடு சேர்ந்தால் வழவழப்பாகிவிடும். பால் சேராதவர்கள் அர்துசியின் வழியில் தண்ணீரிலேயே செய்யலாம். சாக்லேட்டின் ருசி அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இப்போது உங்கள் பாத்திரத்தைப் பாருங்கள். பாரில் இருப்பது அம்மிக் காலத்துக் கொழுப்பு. கோகோத் தூள் 1828-ன் இயந்திரம் தந்தது. கார்ன்ஃப்ளார், சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் வீடுகள் சேர்த்தது. மூன்றும் அளவாகச் சேரும்போதுதான் அந்தக் கெட்டி வருகிறது.

கோப்பை சிறியதாக இருக்கட்டும். டபராவில் ஆற்ற வேண்டாம். கரண்டி மறக்காதீர்கள்.