மிசாவுக்கு மாலை, குண்டாஸுக்கு மௌனம்



ஹிட்லர் ஆட்சியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதிய வில்லியம் ஷைரர் வரலாற்றுப் பேராசிரியர் அல்ல. பெர்லினில் செய்தி சேகரித்த பத்திரிகையாளர். நம் நாட்டில் அப்படி ஒருவரைத் தேடினால் குல்தீப் நய்யார் கிடைக்கிறார். நெருக்கடி நிலையில் 1975 ஜூலையில் மிசாவில் கைதானவர், 1977இல் அந்த 21 மாதங்களின் வரலாற்றைப் புத்தகமாக்கினார். சூடு ஆறுமுன் எழுதிய சாட்சியம் அது. ஆனால் அதன் மையம் டெல்லி. திருவொற்றியூரிலிருந்து பார்த்தால் அதே காலம் எப்படித் தெரிகிறது?

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதன் முழு வீச்சு, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட 1976 ஜனவரி 31க்குப் பிறகே தெரிந்தது. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். கைதானவர்களின் பெயர்களை வெளியிடத் தணிக்கை விடாது. எனவே அண்ணா சதுக்கத்துக்கு வர இயலாதவர்கள் என்று முரசொலி ஒரு பட்டியல் போட்டது. மக்களுக்குப் புரிந்துவிட்டது. சென்னை மத்திய சிறையில் அடிபட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். சிறையில் நடந்த அடிதடியை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

இவை தலைவர்களின் கதை. தொழிலாளியின் கதை போனஸில் இருக்கிறது. குறைந்தபட்ச போனஸை 8.33 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்தார்கள். மாதம் 300 ரூபாய் வாங்கியவருக்கு 300 ரூபாய் போனஸ் 144 ஆனது. எண்ணூர், திருவொற்றியூர் ஆலை வாசல்களில் இதை எதிர்த்துக் கூட்டம் போட முடியாது, பேசினால் கைது.

அதே ஆட்சிதான் 1975 அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழித்து அவசரச் சட்டம் போட்டது. தலித்துகள் பலர் அதை நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் தயாரில்லை. ஆனால் விடுதலைச் சட்டத்தை அமல்படுத்தச் சொல்லிக் கேட்கச் சங்கம் வேண்டும், எழுதப் பத்திரிகை வேண்டும், கதவைத் தட்ட நீதிமன்றம் வேண்டும். மூன்றையும் முடக்கிவிட்டுக் கொடுக்கும் உரிமை, மேலிருந்து விழும் சலுகைதான். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25 அன்று அண்ணல் அம்பேத்கர் எச்சரித்தது இதைத்தான். நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்டு மக்களவையில் தீர்மானம் கொண்டுவந்தவர் ஜெகஜீவன் ராம். 1977 பிப்ரவரியில் காங்கிரஸை விட்டு வெளியேறியவரும் அவரே. நம்மில் ஒருவர் அதிகாரத்தில் இருப்பது மட்டும் நமக்குக் காவல் ஆகாது.

1977 மார்ச்சில் வடக்கே இந்திரா தோற்றார். தமிழ்நாட்டிலோ காங்கிரஸ் இருந்த கூட்டணியே மிகப் பெரும்பாலான இடங்களை வென்றது. அந்த அலையிலும் வடசென்னை, தி.மு.க.வின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியைத் தேர்ந்தெடுத்தது. இந்த ஊருக்கு அந்தப் பெருமை உண்டு.

சரி, வீழ்ந்தது எது? மிசா போனது, 1980இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982இல் தமிழ்நாடு தன் பங்குக்குக் குண்டர் சட்டம் கொண்டுவந்தது. விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். கள்ளச்சாராயம், அடிதடி என்று காரணம் சொல்வார்கள். குற்றம் செய்தவரை விசாரித்துத் தண்டிப்பதை யாரும் மறுக்கவில்லை. விசாரணையே வேண்டாம் என்பதுதான் மிசாவின் சாரம். குண்டர் சட்டத்தின் சாரமும் அதுவே. திருச்சியில் பிறந்த ஸ்டேன் சுவாமி 2021 ஜூலை 5 அன்று விசாரணைக் கைதியாகவே இறந்தபோது எந்த நெருக்கடி நிலையும் அறிவிக்கப்பட்டிருக்கவில்லை.

மிசாவில் சிறை சென்றவர் அதைப் பட்டமாகப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். காசிமேட்டுப் பையனோ குண்டாஸில் போனதை வேலை கேட்கும் இடத்தில் மறைக்கிறான். அவனுடைய தாய் அறிவுரைக் கழகத்தின் வாசலில் மனுவோடு நிற்கிறாள். அவளிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள், மாணவத் தோழர்களே. நய்யார் எழுதாமல் விட்ட அத்தியாயம் அவளிடம் இருக்கிறது.