கிட்டார் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும்

மின்கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னலையைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி கிட்டார் ஆம்ப்ளிஃபயர். வாசிப்பவர்கள் சுருக்கமாக ‘ஆம்ப்’ என்பார்கள். வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர், வாங்கிய ஒலியைத் திரிக்காமல் தரவேண்டும். கிட்டார் ஆம்புக்கு அந்தக் கடமை இல்லை. திரிப்பதே அதன் தொழில். கிட்டார், ஆம்ப், பெட்டி மூன்றும் சேர்ந்து ஒரே வாத்தியம் என்பதே பொருத்தம்.

தொடக்கத்தில் யாரும் அப்படி நினைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர்களான செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெலாகும் காந்தப்புலத்தில் சுருள் அசையும் ஸ்பீக்கரை 1925இல் விளக்கி எழுதினார்கள். 1930களில் அமெரிக்காவில் ஹவாய் கிட்டார் மோகம் பரவியபோது சிறிய ஆம்ப்கள் கடைக்கு வந்தன. டிரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே கிட்டார் காதில் விழுந்தால் போதும் என்பதுதான் அன்றைய எதிர்பார்ப்பு.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்த்து வந்த லியோ ஃபெண்டர், 1946இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. பேஸ் கிட்டாருக்காக 1952இல் அவர் வெளியிட்ட ‘பாஸ்மேன்’ ஆம்ப், 1950களின் நடுவில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கைக் கொண்ட, பின்பக்கம் திறந்த பெட்டியாக உருமாறியது. பேஸ் வாசிப்பவர்களைவிடக் கிட்டார் வாசிப்பவர்களே அதைக் கொண்டாடினார்கள்.

ஃபெண்டர் தேடியது தெளிவான ஒலி. இளைஞர்கள் தேடியது அதற்கு நேர் எதிரானது. ஆம்பில் மின்னலையைப் பெருக்கும் வால்வு என்ற கண்ணாடிக் குழாயை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் மின்னலையின் உச்சி நசுங்கித் தட்டையாகும். மூலச் சுரத்தில் இல்லாத மேல்சுரங்கள் அதிலிருந்து முளைக்கும். பொறியாளர் இதை ஒலிச்சிதைவு என்பார், ரசிகர் நாதம் என்பார். 1958இல் ‘ரம்பிள்’ இசைத்த லிங்க் ரே, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் பென்சிலால் துளையிட்டார். கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். அந்தக் குழுவின் பாட்டில் 1964இல் உலகம் கேட்ட கரகரப்பு அதன் விளைவு.

லண்டனின் ஹான்வெல் பகுதியில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த டிரம்ஸ் ஆசிரியர் ஜிம் மார்ஷலுக்கு மின்னணுவியல் தெரியாது. அமெரிக்காவிலிருந்து வரும் ஃபெண்டர் ஆம்ப் விலை கட்டுப்படியாகவில்லை என்று வாடிக்கையாளர்கள் முறையிட, அவர் கடையின் பழுதுபார்ப்பாளர் கென் பிரானும் இளைஞர் டட்லி கிரேவனும் 1962இல் பாஸ்மேன் சுற்றையே பின்பற்றி ஜே.டி.எம்.45 என்ற ஆம்பை உருவாக்கினார்கள். ஒளிவுமறைவற்ற நகல்தான். ஆனால் கையில் கிடைத்த பாகங்கள் வேறு. முதல் கட்டத்தில் கூடுதலாகப் பெருக்கும் ஈ.சி.சி.83 வால்வு அமைந்தது. ஃபெண்டர் பயன்படுத்திய ஜென்சன் ஸ்பீக்கருக்குப் பதில் செலஸ்டியனின் 12 அங்குல ஸ்பீக்கர் வந்தது. திறந்த பெட்டியின் இடத்தில் முழுக்க மூடிய பெட்டி. நகல் எடுக்கப் போய்ப் புதிய குரல் ஒன்று பிறந்துவிட்டது.

ஸ்பீக்கர்கள் பளு தாங்காமல் எரிந்ததால் ஒரே பெட்டியில் நான்கைப் பொருத்தினார்கள். 16 ஓம் ஸ்பீக்கர்களை இரண்டிரண்டாகத் தொடரில் கோத்து, அந்த இரு ஜோடிகளையும் பக்கவாட்டில் இணைத்தால் மொத்தமும் 16 ஓம்தான். ஒவ்வொன்றின் பளுவோ நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. 1965இல் தி ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் 100 வாட் ஆம்பும் எட்டு ஸ்பீக்கர் பெட்டியும் கேட்டார். சுமப்பவர்களால் தூக்க முடியவில்லை. பெட்டியை இரண்டாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ராக் மேடையின் அடையாளமான அந்தக் கோபுரம் முதுகுவலியில் உதித்தது.

நல்ல நாதத்தில் ஸ்பீக்கரின் பங்கைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கிட்டார் ஸ்பீக்கரின் ஒலி சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். அந்தக் குறைபாடுதான் காப்பாற்றுகிறது: சிதைந்த ஒலியை அப்படியே ஹெட்ஃபோனில் கேட்டால் தேனீக்கூட்டின் இரைச்சல்தான். பின்பக்கம் திறந்த பெட்டி ஒலியை அறையெங்கும் பரப்பும், ஆனால் அடிச்சுரத்தில் இளைக்கும். மூடிய பெட்டி அடிச்சுரத்தை இறுக்கிப் பிடித்து நேர் முன்னே தள்ளும். கீச்சொலி ஒரு கற்றையாகவே பாய்வதால், தரையில் கிடக்கும் பெட்டி வாசிப்பவரின் முழங்காலுக்குத்தான் பாடும். கீச்சொலி போதவில்லை என்று அவர் டிரெபிள் குமிழைத் திருகிக்கொண்டே போவார். முன்வரிசை ரசிகர் காதைப் பொத்திக்கொள்வார். பெட்டியை நாற்காலிமேல் ஏற்றிவைத்தாலே பாதிக் குறை தீரும்.

1966இல் ஜான் மேயாலின் ‘புளூஸ் பிரேக்கர்ஸ்’ இசைத்தட்டுப் பதிவில் எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்பின் ஒலியைக் குறைக்க மறுத்தார். அதுவரை கிட்டார் ஒலியை அடக்கியே பதிவுசெய்த ஸ்டுடியோக்கள் அதன்பின் மைக் வைக்கும் இடத்தைப் புதிதாகக் கற்றன. கூம்பின் நடுவுக்கு நேரே வைத்தால் கூர்மை, விளிம்பை நோக்கி நகர்த்தினால் கனிவு. இந்த வேலைக்கு 1965இல் வந்த ஷூர் எஸ்.எம்.57 மைக் இன்றும் மாறவில்லை. சத்தத்தைக் கூட்டாமலே வால்வில் ஒலியைச் சிதைக்க உதவும் ‘மாஸ்டர் வால்யூம்’ குமிழ் 1975இல் மார்ஷல் ஆம்ப்களுக்கு வந்தது.

1998இல் லைன் 6 நிறுவனத்தின் ‘பாட்’, 2011இல் ஜெர்மனியின் கெம்பர் ஆகிய கருவிகள் ஆம்பையும் பெட்டியையும் கணினிக் கணக்கீடாக்கின. அவற்றிலும் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது தனி வேலைதான். வீட்டில் வாசிப்பவர் 100 வாட்டுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை: வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்பை முடுக்கினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும்.