கலந்தாலோசனை என்னும் ஒரு சொல்

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் பட்டர்வொர்த் வான்படைத் தளம் உள்ளது. ஐந்து நாடுகளின் கூட்டுத் தற்காப்புத் தலைமையகம் ஒன்று அங்கே இயங்கி வருவதை, அன்றாடம் நீரிணையைக் கடப்போருள்ளும் அறிந்தவர் சிலரே. மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவை 1971இல் செய்துகொண்ட ஏற்பாட்டின் பயன் அது. அவ்வேற்பாட்டின் பொருளை உணர வேண்டின், அதற்கு முப்பது ஆண்டு முந்தைய பினாங்கை நாம் காணல் வேண்டும்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் மீது குண்டுகள் விழுந்தன. வானூர்திகளை வேடிக்கை பார்க்கத் தெருவில் திரண்ட மக்கள் பலர் மாண்டனர். ஆட்சியாளரோ 16ஆம் நாள் இரவு ஐரோப்பியரை மறைவாகக் கப்பலேற்றி அனுப்பினர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் கைவிடப்பட்டனர். பொழுது விடிந்த பிறகே செய்தி பரவிற்று.

அவ்வேளையில் முன்வந்தவர் ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளேட்டின் ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி அவர் வெள்ளைக்கொடி ஏற்றினார். நகரம் காவலற்றது, குண்டு வீச வேண்டா என வானொலி வழியே அறிவித்தார். பல இனத்தவரும் சேர்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கி ஒழுங்கு காத்தார். 19ஆம் நாள் ஜப்பானியர் தீவினுள் புகுந்தனர். படைத்தலைவர் பெயர்களை மனனம் செய்யும் நம் மாணவர் இவர் பெயரை அறியாதிருப்பது எனக்கு வருத்தமே.

விடுதலை பெற்ற 1957இல் பிரிட்டனுடன் தற்காப்பு உடன்படிக்கை ஏற்பட்டது. மலாயா தாக்கப்பட்டால் உதவ வேண்டுவது பிரிட்டனின் கடமை ஆயிற்று. இந்தோனேசிய எதிர்ப்பின்போது அக்கடமை நிறைவேறியது என்பதை மறுத்தல் நேர்மையன்று. உலக மன்றத்தின் கதையோ வேறு. 1964 செப்டம்பரில் இந்தோனேசியப் படையினர் ஜொகூரின் லாபிஸ் பகுதியில் வான்குடை வழி இறங்கவே, மலேசியா ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. பதினொரு உறுப்பினருள் ஒன்பதின்மர் தீர்மானத்தை ஆதரித்தனர், இருவர் எதிர்த்தனர். எதிர்த்தோருள் ஒருவர் சோவியத் ஒன்றியம் ஆதலின், அது வீழ்ந்தது. மறு ஆண்டே மன்றம் பதினைந்து உறுப்பினராக விரிந்தது. வல்லரசுகள் ஐந்தின் தடையுரிமை மட்டும் இன்றளவும் அசையவில்லை.

சூயசுக்குக் கிழக்கேயுள்ள படைகளை மீட்டுக்கொள்வதாகப் பிரிட்டன் 1968இல் அறிவித்தது. பழைய உடன்படிக்கையின் இடத்தில் 1971 நவம்பரில் ஐந்து நாட்டு ஏற்பாடு வந்தது. மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வெளியிலிருந்து தாக்குதல் நேர்ந்தால், அல்லது நேருமென்ற அச்சம் எழுந்தால், ஐந்து அரசுகளும் உடனே கலந்தாலோசிக்கும். அவ்வளவே. போரிடும் கடமை எவருக்கும் இல்லை. பல்லில்லாத ஏற்பாடு என்று இதனை எள்ளுவோர் உளர். முன்னையதினும் உறுதி குறைந்தது என்பது மெய்தான். ஆயினும் 1941இல் பினாங்கு மக்களுக்கு மறுக்கப்பட்டது படைத்துணை மட்டுமன்று. தம் ஊரின் கதியைப் பற்றிக் கேட்கப்படும் உரிமையும் மறுக்கப்பட்டது. அவ்வுரிமைதான் இப்பொழுது எழுத்தில் உள்ளது.

ஆஸ்திரேலியா தன் பொறுப்பிலிருந்த பட்டர்வொர்த் தளத்தை 1988இல் மலேசியாவிடம் ஒப்படைத்தது. கூட்டுத் தலைமையகத்தின் தளபதிப் பதவியில் மட்டும் ஆஸ்திரேலிய வான்படை அதிகாரியே தொடர்ந்து அமர்த்தப்படுகிறார்.